ஆர்டிஸின் நாக்கு

உணவு டப்பாவின் முன்பக்கத்தை ஆர்டிஸ் க்ரூகர் பார்ப்பதே இல்லை. கடையின் குளிர்பெட்டிக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்துக்கொண்டு, காய்கறி பர்கர் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மூக்கால் உரசாத குறையாகப் படிக்கிறார். “முன்னாடி இருக்கிறது படம். பின்னாடி இருக்கிறதுதான் சாப்பாடு” என்பார். சோடியம் நானூறு மில்லிகிராமைத் தாண்டினால் டப்பா திரும்ப உள்ளே போகும். “பர்கர் கேட்டா ஊறுகாய விக்கிறான்.” புரதம் பத்து கிராமுக்குக் கீழே என்றால், “இதத் தின்னுட்டு அப்புறம் சாப்பிடப் போகணும்.” பின்னால் வண்டியோடு நிற்பவர்கள் கண்ணாடியில் பனி படர்வதைப் பார்த்துக்கொண்டு பொறுமை காப்பார்கள். லிங்கன் நகரத்தில் அவரை அவசரப்படுத்த இதுவரை யாரும் துணிந்ததில்லை.

நெப்ராஸ்கா மாட்டிறைச்சி மாநிலம். கோடை வந்தால் வீட்டுக்கு வீடு கொல்லையில் கரியடுப்புப் புகையும். அதன் நடுவே சனிக்கிழமை தொழும் சபைக்காரர்களான நாங்கள் இறைச்சியை விலக்கி, பீன்ஸும் கோதுமை மாவைக் கழுவி எடுத்த பசையும் தின்று காலம் தள்ளுகிறோம். ஆர்டிஸ் அறுபத்தேழு வயதுப் பெண்மணி. இறைச்சி அவர் நாவில் பட்டதில்லை, அவரைப் பெற்றவர்கள் நாவிலும் பட்டதில்லை. முப்பது வருடம் சபைப் பள்ளியின் சமையற்கூடத்தை ஆண்டுவிட்டு ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பத்திரிகைக்காகக் கடைப்பண்டங்களை ஒப்பிட்டுச் சொல்லும் சோதனைக்கூடத்தில் சுவைபார்ப்பவராகச் சேர்ந்தார். ஒரே பண்டத்தை இரண்டு எண்கள் போட்டு இரண்டு முறை கொடுத்து ஆளைச் சோதிப்பது அங்கே வழக்கம். ஆர்டிஸ் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

சுவைபார்க்கும் இடம் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய அறை. மூன்று பக்கமும் வெள்ளைப் பலகை, எதிரே மூடியிட்ட ஒரு சின்ன ஜன்னல், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. பண்டத்தின் நிறம் பார்த்து மனம் சாயக்கூடாது என்பதற்காக அந்த விளக்கு. அதன் கீழே தக்காளியும் கத்தரிக்காயும் ஒன்றுதான். ஜன்னல் மூடி மேலே போகும், கையுறை போட்ட ஒரு கை தட்டை வைக்கும், மூடி இறங்கும். தட்டில் மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். பேச்சு கிடையாது. மென்று பார்த்துவிட்டுக் கோப்பையில் துப்ப வேண்டும், உப்பில்லாத பிஸ்கட்டைக் கடித்து வாயைக் கழுவ வேண்டும், ஒன்பதுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். இன்னொரு துண்டு தேவைப்பட்டால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. ஆர்டிஸ் அதைத் தொட்டதே இல்லை. ஆறுக்கு மேல் மதிப்பெண் போட்டதும் இல்லை.

மதிப்பெண்ணை விட அவர் எழுதும் குறிப்புகளுக்குத்தான் சோதனைக்கூடத்தில் மவுசு அதிகம். கறுப்பு பீன்ஸ் பர்கருக்கு, “சூப் செய்ய மறந்துபோய்த் தட்டையாக்கியிருக்கிறார்கள்.” காளானும் பார்லியும் சேர்ந்ததற்கு, “ஈர அட்டை, ஆனால் நல்ல அட்டை.” பட்டாணிப் புரதத்தின் பச்சை வாடையை மறைக்கப் புகைவாசனை கொட்டிய ஒன்றுக்கு, “எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டார்கள்.” சமையலறைப் பொறுப்பாளர் கோரி டன்லப் இவற்றை வெட்டித் தன் மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறான்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஒரு படிவம் வரும். ‘உண்ணாதவை’ என்ற கட்டத்தில் எப்போதும் ‘இறைச்சி, மீன்’ என்று எழுதுவார். ரொட்டிச் சோதனைக்குக்கூட அப்படி எழுதியவர்தான். சென்ற இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு காய்கறி பர்கர்களை ஒப்பிடும் வேலை வந்தபோது மட்டும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். காய்கறி பர்கருக்குப் போய் இறைச்சி வேண்டாம் என்று எழுதினால் கோரி சிரிப்பான் என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் ஐந்தாவதாக வந்த தட்டின் எண் 638. முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

தன் தாடை அசையும் சத்தம் அவருக்கே கேட்டது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தின்பதைப்போல. தெரியாத ருசி. ஆனால் பல்லுக்குத் தெரிந்திருந்தது. நாக்கு அவரைக் கேட்காமலே வழிவிட்டது. சுயநினைவு வந்து கோப்பையைப் பார்த்தபோது அது உலர்ந்து கிடந்தது. தட்டும் காலி. விரல் பொத்தானின் மேல் இருந்தது. மூடி மேலே போயிற்று, கை வந்தது, இரண்டாவது தட்டை வைத்தது. அதையும் தின்றார். ஒன்பது என்று எழுதினார். குறிப்புக்கான இடத்தை வெறுமையாக விட்டார்.

வெளியே பகல் வெளிச்சத்தில் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே வாயைத் துடைத்தபோது சிவப்பு விளக்கில் கறையே தெரியாத துணியில் சிவப்பு படிந்திருந்தது. இந்தக் காலத்தில் எல்லாரும் பர்கரில் பீட்ரூட் சாறு ஊற்றுகிறார்கள் என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை கோரி வீட்டுக்கே வந்துவிட்டான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றான்.

“ஆர்டிஸ், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ஒப்பிட்டுப் பாக்க நிஜ மாட்டிறைச்சி ஒண்ணு வைப்போம்ல… வேணாம்னு எழுதினவங்களுக்கு மட்டும் போகாது. உங்க கட்டத்துல கோடு இருந்துச்சு. உங்களத் தெரிஞ்சிருந்தும் நான் யோசிக்கல.”

ஆர்டிஸ் கதவுப் பிடியை விடவில்லை. “நானும்தான் எழுதல.”

“துப்பியிருப்பீங்க இல்ல?”

“எப்பவும் துப்புறவதான நான்?”

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது. போதகரும் அதையே கேட்டார். கணவர் வாலஸும் கேட்டார். எல்லாருக்கும் அதே பதில். “தெரியாம நடந்ததுக்குப் பாவம் கிடையாது ஆர்டிஸ். வாயோட போச்சு” என்று போதகர் கையைப் பிடித்துச் சொன்னபோது, ஆர்டிஸ் தன் கையை மெல்ல உருவிக்கொண்டார். தெரியாமல் நடந்தது முதல் தட்டு. பொத்தானை அழுத்திய விரல் அவருடையது.

அன்றிலிருந்து நாக்கு செத்துப்போயிற்று. பீன்ஸுக்கும் பார்லிக்கும் வேறுபாடு தெரியவில்லை. சனிக்கிழமை ஆராதனைக்குப் பிறகு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் விருந்தில், அவர் என்ன சொல்வாரோ என்று எப்போதும்போல எல்லாரும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். “எல்லாமே நல்லா இருக்கு” என்றார் ஆர்டிஸ். சமையற்கூடத்தில் அவரிடம் இருபது வருடம் திட்டு வாங்கிய லவோன் பீட்டர்சனின் முகம் வெளிறிவிட்டது.

“எனக்குப் பயமா இருக்கு வாலஸ்” என்று லவோன் அவர் கணவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள். “என் பீன்ஸ் ரொட்டியப் போய் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். சோதனைக்கூடம் இருமுறை அழைத்தது. ஆர்டிஸ் சளி என்று சொல்லித் தட்டிக்கழித்தார். மூன்றாம் முறை மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

போன புதன்கிழமை நண்பகலில், தன் நாக்கைத் தானே சோதிக்க, அந்தச் சோதனையில் இருந்த பன்னிரண்டு பர்கர் டப்பாக்களையும் அவரே வாங்கிவந்தார். பின்பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. வாலஸ் ஒவ்வொன்றாகச் சுட்டுக் கொண்டுவந்து வைக்க, சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிசையாக மென்றார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சூடான பஞ்சு. ஏழாவதை அவசரமாகக் கடித்தபோது கன்னத்தின் உட்சதை பல்லில் சிக்கியது. அவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். உப்பு, இரும்பு, வெதுவெதுப்பு. அந்த ஒரு வாய் மட்டும் ருசித்தது.

“என்னாச்சு? கன்னத்தக் கடிச்சிட்டியா?” வாலஸ் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றி நீட்டினார். “வாயக் கொப்பளி. ரத்தம் வருது பாரு.”

ஆர்டிஸ் டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தார். எட்டாவது துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு காயம்பட்ட கன்னத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பற்களுக்கு நடுவே கொடுத்து, கண்களை மூடி, நிதானமாகக் கடித்தார்.