முன்னறை வாடகைக்காரி

நாத்தனாரைப் பற்றி அண்ணிக்காரி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரரின் தங்கை எங்கள் வீட்டு முன்னறையைப் பிடித்த கதையை நான் சொல்லாவிட்டால், அவர் தன் இஷ்டத்துக்கு வேறு மாதிரி சொல்லிவிடுவார். சொல்ல ஆரம்பித்தும்விட்டார். அவர் சொல்லும் கதையில் அவர் பெரிய மனசுக்காரர்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் வேண்டாம் என்று இருபது வயதில் சொன்னாள். அப்போது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வயதானபோது எல்லோருக்கும் வாய் வலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய அப்பா கட்டிய வீட்டில் இப்போது அண்ணன், அண்ணி, அவள் என்று மூன்றே பேர். எங்கள் மகன் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். நான் அவளைச் 'சின்னவளே' என்று கூப்பிடுவேன். தெருவில் அவளுக்குக் 'கட்பீஸ்' என்று பெயர். தையல்கடையிலும் திரைச்சீலைக் கடையிலும் வெட்டி எறியும் துண்டுத்துணிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. "முழுத்துணியா இருந்து இவங்க என்ன சாதிச்சுட்டாங்க அண்ணி?" என்பாள்.

அந்தத் துண்டுகளை வைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அவள் தொழில். தொழில் என்று நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் அதைப் பொழுதுபோக்கு என்பார். அந்தப் பொழுதுபோக்கை பர்னிச்சர் கடைக்காரர் மாதாமாதம் வந்து வாங்கிப்போகிறார் என்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

துண்டுகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சதுரமாகவும் பட்டையாகவும் வெட்டி, நிறம் நிறமாகப் பிரித்து வைப்பாள். மேலே துண்டுகள், அடியில் ஒரு படுக்கைவிரிப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு. மூன்றையும் சேர்த்துத் தைத்துவிட்டால் போர்வை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். பாடெல்லாம் தைப்பதற்கு முன்னால். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று அவள் காகிதத்தில் வரைய மாட்டாள். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். இறங்குவாள். ஒரு சிவப்பை எடுத்துவிட்டு ஒரு சாம்பல் நிறத்தை வைப்பாள். மறுபடியும் ஏறுவாள். மனசுக்குப் பிடிக்கிறவரை ஒரு குண்டூசிகூடக் குத்த மாட்டாள். பெரிய போர்வை என்றால் ஒரு வாரம்கூட அப்படியே தரையில் கிடக்கும். அதுவரைக்கும் அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, பலமாகத் தும்மக் கூடாது. வெயில் காலத்தில் வியர்வை வழிய வழிய அவள் சுவரோரமாகப் பூனை மாதிரி நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அவளுக்கு வேண்டியது அந்தத் தரை ஒன்றுதான். தையல் மெஷினை எந்த மூலையிலும் போட்டுக்கொள்ளலாம், சாக்குகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். ஆனால் இரண்டு பேர் படுக்கிற அளவுக்குப் போர்வையைப் பரப்பி, அதைச் சுற்றி நடக்கவும் இடமுள்ள தரை, கூடத்தை விட்டால் முன்னறையில்தான் இருந்தது. அதுவும் போய்விட்டால் அவள் தலையணை உறை தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முன்னறைக்குத் தெருப்பக்கம் தனியாக ஒரு கதவு உண்டு. அதுதான் வினையாகப் போயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. குழாய்களை மாற்றினார். என் சமையலறை டப்பாக்களை உயரப்படி அடுக்கினார். அடுக்க வேறு ஒன்றும் கிடைக்காத ஒரு நாள், சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"முன்னறையை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். சும்மாதானே கிடக்குது?"

சின்னவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "சும்மா எங்க கிடக்குது? நான் அங்கதானே வேலை செய்யறேன்."

"உனக்கென்னம்மா, ஒரு மூலை இருந்தா போதும். மாடிப்படிக்குக் கீழ இடம் இருக்கே."

"அங்க போர்வையை விரிக்க முடியாது அண்ணா. மடிச்சுத்தான் வைக்கலாம்."

"அப்ப மடிச்சு வச்சே தை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். பேச்சு முடிந்தது என்று அவர் முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் யார் பேசினாலும் அவருக்குக் கேட்காது.

அடுத்த வாரம் முன்னறையில் ஒரு நீலப் போர்வை கிடந்தது. நீலத்திலேயே எத்தனை நீலம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளிச் சீருடை, பழைய ஜீன்ஸ், திரைச்சீலை, சட்டைக் காலர் என்று எல்லாமே நீலம். நாள் கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, "நாளைக்குக் குண்டூசி குத்திடலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

முன்னறையில் பேச்சுக்குரல் கேட்டு நான் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும், அறையை வாடகைக்குப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரரும் போர்வையின் நட்டநடுவில் செருப்புக் காலோடு நின்றுகொண்டிருந்தார்கள். "விசிறி புதுசு சார், காத்து எப்படி வருது பாருங்க" என்று சொல்லி என் வீட்டுக்காரர் அதை முழு வேகத்தில் வேறு போட்டுவிட்டிருந்தார். அறை முழுக்க நீலம் பறந்தது. மருந்துக்கடைக்காரர் பாவம், முகத்தில் வந்து ஒட்டிய ஒரு துண்டை எடுத்துவிட்டு, "நான் கடையில இருக்கற நேரத்துல ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் சார்" என்றார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க?" என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "வாடகைக்கு விட்டாச்சுன்னா அது உங்க ரூம். கதவைத் தட்டாம நான் உள்ள கால் வைப்பேனா?"

தெருக்கதவில் சின்னவள் நூல் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து விசிறியை அணைத்தாள். மருந்துக்கடைக்காரர் போனதும் தெருக்கதவைச் சாத்தினாள்.

"அவருக்கு என்ன வாடகை சொன்னீங்களோ, அதை நான் தரேன்" என்றாள் பிறகு.

"பைத்தியமா உனக்கு? தங்கச்சிகிட்ட வாடகை வாங்கறான்னு ஊரே சிரிக்கும். இது உன் வீடும்மா."

"என் வீடுன்னா என்னை எதுக்குக் காலி பண்ணச் சொல்றீங்க?"

"காலி பண்ணவா சொன்னேன்? கொஞ்சம் நகரச் சொன்னேன்."

"யாரோ ஒருத்தருக்குத் தட்டிட்டு வருவீங்க. எனக்கு மட்டும் ஏன் தட்ட மாட்டேங்கறீங்க?"

"உனக்கு எதுக்குத் தட்டணும்? நீ என் தங்கச்சி."

"அப்ப தங்கச்சியா இருக்கறதுல எனக்கு என்ன லாபம்?"

"அவர் ஞாயித்துக்கிழமை அட்வான்ஸோட வரார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நீலத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சோபாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க" என்றாள். நான் பிடித்தேன். சோபா சுவரைப் பார்த்துத் திரும்பியது. சாப்பாட்டு மேஜை சமையலறை வாசலுக்குப் போனது. வீட்டின் நடுவில், வாசலுக்கும் குளியலறைக்கும் இடையில், அவள் முதலிலிருந்து பரப்ப ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். தொலைக்காட்சி பார்க்க முடியாது. விசிறி கிடையவே கிடையாது. "இது வீடா, துணிக்கடையா?" என்று கத்தினார். "மெதுவாப் பேசுங்க. நீங்க விடற மூச்சுல துணி நகருது" என்றேன். ஒரு தடவை வேண்டுமென்றே விசிறியின் சுவிட்சில் கை வைத்தார். "போடுங்க. போட்டுட்டு அப்படியே வெளியில சாப்பிட்டுக்கங்க" என்றேன். கையை எடுத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. இந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு கதவையாவது யாராவது எனக்காகத் தட்டியிருக்கிறார்களா? என் டப்பாக்களை அவர் இடம் மாற்றியபோது உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று நான்தான் தேடிக்கொண்டிருந்தேன். இவள் தரையைக் கேட்டு நின்றபோது எனக்கும் சேர்த்துக் கேட்டமாதிரி இருந்தது. அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். கூடத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் கால் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஓரமா வாங்க சார், ஓரமா வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

சின்னவள் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே பேசினாள். "உங்களை அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க சார். அந்த ரூம் வாடகைக்குப் போயிடுச்சு."

"அப்படியா? யாருக்கு?"

"எனக்கு."

இறங்கி வந்து, ஒரு உறையை அண்ணன் கையில் வைத்தாள். "அட்வான்ஸ். எண்ணிப் பாத்துக்கங்க அண்ணா. சார்தான் சாட்சி."

என் வீட்டுக்காரர் உறையையும் மருந்துக்கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னால், தங்கையை அறையிலிருந்து கிளப்பிவிட்டுத்தான் வாடகைக்கு விடுகிறேன் என்று வெளியாள் முன்னால் ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும். வாங்கிக்கொண்டாலோ, அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிடும். நடக்கத்தான் செய்தது.

"தங்கச்சிகிட்டயா சார் வாடகை வாங்கறீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அவர் கேக்கலை, நானாத்தான் கொடுக்கறேன்" என்றாள் சின்னவள். "சும்மா கொடுத்தா நாளைக்கே சும்மா எடுத்துக்குவாங்க. காசு கொடுத்துட்டா யோசிப்பாங்க."

மருந்துக்கடைக்காரர் யாரையும் பார்க்காமல் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் உறையைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே புகுந்து அதை வாங்கினேன். அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். அந்தச் சாவி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் கேட்டார். நான் தரவில்லை.

அன்று மத்தியானமே நீலப் போர்வையை முன்னறைக்கு மாற்றினோம். துண்டுகளை வரிசை வரிசையாகச் செய்தித்தாள்களில் எடுத்துவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கிப்போனோம். கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவில் உள்ள கதவுக்கு அவளே ஆணியடித்து உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டாள். சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் தாழ் விழுந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் போய் அந்தக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான்."

"நான்தான்னா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "கேக்கறாள்ல, சொல்லுங்க" என்றேன்.

"வீட்டு ஓனர்" என்றார் விறைப்பாக.

"வாடகை ஒண்ணாம் தேதி வந்துடும் சார். இப்ப வேலை இருக்கு."

அவர் வந்து சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். பேப்பரை எடுத்தார், வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் எழுந்து போய், அந்தக் கதவை ஒற்றை விரலால் தட்டினார். தட்டிப் பழக்கமில்லாத கை, சத்தமே சரியாக வரவில்லை.

"யாரு?"

"அண்ணன்மா."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இருங்க அண்ணா. கால் வைக்க இடம் பண்றேன்."

அவர் நின்றார். நெடுநேரம் நின்றார். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.