மூத்தவன் உள்ளே போனானா?

தம்பி பிரான்சுக்குப் போய்ப் பதினோரு வருடம், நாலு மாதம். அப்பாவின் சாவுக்கும் அவன் வரவில்லை. என் டைரியில் இருக்கிறது. போன சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் நெல்லித்தோப்பு வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அடுத்த நிமிடம் என்னிடம் பையை நீட்டினார்.

“பெரிய மார்க்கெட் போய் வஞ்சிரம் வாங்கியாடா. அவனுக்குப் புடிக்கும்.”

“எனக்குந்தான் புடிக்கும். இத்தன வருஷத்துல ஒருநாளாவது வாங்கச் சொன்னியா?”

“நீதான் இங்கியே கெடக்கிறியே!”

பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையைக் கோயிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொத்தைக் கரைத்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனைத் தகப்பன் மன்னித்துக் கொழுத்த கன்றை அடிக்கிறார். மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்க, அவனிடமும் வந்து கெஞ்சுகிறார். அதன்பின் அவன் உள்ளே போனானா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. அதை எழுதாமல் விட்டவர்மேல் எனக்குத் தீராத எரிச்சல்.

மீனோடு திரும்பியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா வெளியே வந்தார்.

“உள்ள வாடா.”

“அவன் எங்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டானா?”

“கேப்பான். அதுக்குள்ள மீன் கெட்டுடும், வா.”

பன்னிரண்டேகாலுக்கு உள்ளே போனேன். கோபம் தீரவில்லை என்பதையும் சேர்த்தே டைரியில் எழுதி வைத்தேன்.