ரிசர்வில் ஓடிய டர்போ கார்

என் டர்போ கார் போகிற வேகம் போதாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு மெக்கானிக், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினார். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூடுதலாகப் பாய வேண்டுமே, அதைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்களை மாட்டி, டாங்குக்குள் பெரிய பம்பையும் இறக்கினார். மீஞ்சூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஊர்ந்து வேலைக்குப் போகிறவனுக்கு இதெல்லாம் அத்தியாவசியம் அல்லவா?

வேகத்துக்கு என் பங்காகவும் ஒரு காரியம் செய்தேன். டாங்க் நிறைந்தால் வண்டி கனத்துவிடும் என்று, எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய எரியவே ஓட்டினேன். அந்த மஞ்சள் விளக்கு எனக்குக் கிடைத்த பதக்கம்போல மின்னியது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுச்சாலையில் கார் நின்றது. பின்னால் நின்ற லாரிகளெல்லாம் ஹாரன் அடித்து வாழ்த்தின.

மெக்கானிக் வந்து டாங்கைத் திறந்து, கருகிப்போன பம்பை வெளியே எடுத்தார்.

“இன்னா சார் இது! பம்பு பெட்ரோல்ல முங்கிக்கினு இருந்தாதான் சூடாவாது. காஞ்ச டாங்க்ல ஓட்டிக்கினு இருந்தா எப்டி தாங்கும்? உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

“யாருமே சொல்லலப்பா” என்றேன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

“சார் இன்னா வேல பாக்குறீங்க?”

“பவர் பிளான்ட்ல” என்று மட்டும் சொன்னேன்.

அங்கே நான் பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர். ‘தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்பை ஓட்டாதே’ என்று சுவரில் சிவப்பு பெயின்டில் எழுதி வைத்தவனே நான்தான். அதை மீறிய ஆபரேட்டருக்குப் போன வாரம்தான் மெமோ கொடுத்திருந்தேன்.