வழுக்குப்பாறையில் மழை

மலை என்று நான் சொன்னாலே என்னோடு அறையில் தங்கியிருந்த தெற்கத்திக்காரி சிரிப்பாள். "இதப் போயி மலைங்கியேட்டி. எங்க ஊர்ல இத கல்லுன்னுதான் சொல்லுவோம்" என்பாள். ஒரகடத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் ஊருக்குப் பின்னால் நின்ற குன்றைத்தான் சொல்கிறேன். அதை அவள் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். தன் ஊர் மலையிலும் அவள் ஏறியதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி மாதம். மறைமலை நகரில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்த்த நாங்கள் மூன்று பேரும் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். மூன்றாவது பெண் பென்னலூர்க்காரி. எங்களைவிடச் சின்னவள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை போட்டிருப்பாள். ஓவர்டைம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்துடன் குன்றுக்குக் கிளம்பினோம்.

சின்ன வயதில் சுள்ளி பொறுக்க எத்தனையோ முறை ஏறிய குன்று. எந்தப் பாறையில் எங்கே கால் வைப்பது என்று யோசிக்காமலே எனக்குத் தெரியும். அடிவாரத்தில் செருப்புகளை ஒரு புதரில் ஒளித்துவைத்தோம். தெற்கத்திக்காரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முள்ளுக்குள் வளைந்து போகிற தடம் முடிந்ததும் உருண்டைக் கற்கள், அதற்கும் மேலே வழுக்குப்பாறை. ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்த கதவு மாதிரி இருக்கும் அந்தப் பாறை. நடுவில் ஒரு வெடிப்பு ஓடும். அதில் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். ஏறும்போது பயமில்லை, கண் மேலே பார்க்கும். இருவரும் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டார்கள்.

உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏரிகள் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் கம்பெனி ஷெட்டுகளின் வெள்ளைக் கூரைகள். பென்னலூர்க்காரி தன் ஊர் இருக்கும் திசையைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் மேற்கே பார்த்தேன். தூரத்து ஏரி ஒன்று இருந்த இடத்தில் சாம்பல் திரை தொங்கியது. மழை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

உச்சியில் ஒரு மரம்கூட இல்லை. இடி விழுந்தால் நாங்கள்தான் உயரம். மழை வருவதற்குள் பாறையைத் தாண்டிவிடலாம் என்று நினைத்து, "கெளம்புங்க, கெளம்புங்க" என்று விரட்டினேன்.

நான் முதலில் இறங்கினேன், நடுவில் தெற்கத்திக்காரி, மேலே பென்னலூர்க்காரி. பாதி தூரம் வந்திருப்போம். காற்று திடீரென்று நின்றது. பிறகு கொட்டை கொட்டையாக நாலு துளி. அப்புறம் எண்ண முடியவில்லை.

தெற்கத்திக்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, என்னால முடியாது. காலு ஆடுது."

"இன்னும் கொஞ்சம்தான். திரும்பிப் பாறயப் பாத்துக்கினு எறங்கு."

"கீழ பாத்துட்டேன்ட்டி."

கீழே பாறை முடிகிற இடத்தில் இரண்டாள் உயரத்துக்குப் பள்ளம். அதில் கற்களும் சப்பாத்திக்கள்ளியும். அவள் வழுக்கினால் என்மேல்தான் வந்து விழுவாள், இருவரும் சேர்ந்து அங்கே போவோம்.

மேலேயிருந்து பென்னலூர்க்காரி கத்தினாள்: "அக்கா, தாவணியக் கட்டிப் புடிச்சிக்கலாமா?"

"வாணாம். கட்டாத. ஒருத்தி வுயுந்தா மூணு பேரும் போவோம்."

சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. நான் அந்தப் பாறையை நனைந்து பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். எனக்குத் தெரிந்த பிடிகளெல்லாம் காய்ந்த பாறையின் பிடிகள். அதை அவர்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது என்று தோன்றியது.

நான் கொஞ்சம் மேலே ஏறி அவள் வலது பாதத்தைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. "தோ, இங்க படி மாதிரி கீது, வெய்யி" என்று அதை வெடிப்புக்குள் திணித்தேன். அங்கே படியும் இல்லை, ஒன்றும் இல்லை. அடுத்த பாதம். மறுபடி முதல் பாதம். இப்படியே பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு பெரிய கல்லின் அடியில் ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவள் கால் சறுக்கியது. இரண்டு குதிகாலும் என் தோளில் இடித்தன. வெடிப்புக்குள் இருந்த என் விரல்கள் வெளியே வரவில்லை. அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். ஒரு நகம் பாதி பெயர்ந்து போயிருந்தது, அதை ரொம்ப நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

அவளை இழுத்துக் கல்லின் அடியில் தள்ளினேன். அவள் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னய விட்டுட்டுப் போவாதட்டி."

மேலே இன்னொருத்தி இருந்தாள். பாறையின் வளைவு அவளை மறைத்துவிட்டது. மழைச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன்: "அங்கியே குந்து! நவுராத! கூப்ட்டா கொரல் குடு!"

"சரிக்கா!"

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஒரு முறை "கீறேன்க்கா" என்றாள். ஒரு முறை "சேசுவே" மட்டும் கேட்டது. எங்கள் முன்னால் பாறைமேல் தண்ணீர் சிவப்பாக ஓடி வந்தது, மேலேயிருந்து மண்ணை அரித்துக்கொண்டு. அது மண்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மின்னலும் இடியும் ஒன்றாக வந்தன, பல் வரைக்கும் அதிர்ந்தது. உடனே கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

இன்னொரு முறை கூப்பிட்டேன். தெற்கத்திக்காரியும் சேர்ந்து கத்தினாள். மழைதான் கேட்டது. பென்னலூர்க்காரியின் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. தெற்கத்திக்காரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை விடுவித்துக்கொண்டேன். இந்தத் தடவை அவள் "போ" என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நாலு காலில் ஏறினேன். முட்டி, முழங்கை, தாடைகூட. தண்ணீர் முகத்தில் அடித்தது. வளைவைத் தாண்டித் தலையை நிமிர்த்தினால் முதலில் ஒரு நீல நிறம் தெரிந்தது, அவள் தாவணி. அது அசையவில்லை.

பக்கத்தில் போய் முதுகைத் தொட்டேன். வீல் என்று அலறினாள்.

இடிக்குப் பயந்து தாவணித் தலைப்பைச் சுருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, பாறையில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்திருக்கிறாள். நான் கத்தியது எதுவும் கேட்கவில்லை.

"கூப்ட்டா கொரல் குடுன்னேனே!"

"நீ கூப்ட்டியா?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

அவளை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதற்கும் அந்தப் பாறையில் இடமில்லை. அவள் கணுக்காலைப் பிடித்தபடி அங்கேயே படுத்துக்கிடந்தேன். கீழே பார்த்து, "கீறா! நல்லா கீறா!" என்று கத்தினேன். கீழேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

மழை வந்த வேகத்தில் போய்விட்டது. வெயில் அடித்ததும் சூடான பாறையிலிருந்து ஆவி கிளம்பியது. வெளுத்த இடங்கள் மெல்லப் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். முழுக்கக் காயும்வரை நான் யாரையும் நகர விடவில்லை. பிறகு ஒவ்வொரு பாதமாக வைத்து இறங்கினோம். சப்பாத்திக்கள்ளியைச் சுற்றிக்கொண்டு மண்ணில் கால் வைத்ததும் தெற்கத்திக்காரி உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். பென்னலூர்க்காரி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் ஷிப்ட். முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியைக் காயிலில் சுற்றுவது எங்கள் வேலை. அதுவரை எனக்குக் கம்பி அறுந்ததே கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்ததும் அறுந்தது. மறுபடி மாட்டினேன், மறுபடி அறுந்தது. சூப்பர்வைசர் வந்து, "இன்னாம்மா, ஜொரமா?" என்றார். அப்போதுதான் என் கை நடுங்குவதைப் பார்த்தேன். பாறையில் ஒரு தடவைகூட நடுங்காத கை.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். சாப்பாட்டு நேரத்தில் தெற்கத்திக்காரி மற்ற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து குன்றின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கதையில் மழை பெய்தது, இடி இடித்தது, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.