மெட்டிக்குக் கத்தும் கதவு

சாராளின் வேலை அடுத்தவள் உடம்பைத் தடவிப் பார்ப்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பித்தளைக் குழாய் செய்யும் கம்பெனியில் அவள் லேடி செக்யூரிட்டி. நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். அவளுடையது தடவுகிற வேலை, என்னுடையது குப்பை வேலை. இரண்டில் எது அதிகம் நாறும் என்று கேட்டால் தன்னுடையதுதான் என்று அவளே சொல்வாள்.

ஆரணிப் பக்கத்து ஊர்க்காரி. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவளும் நட்டாள். நிலத்துக்காரன் விற்றுவிட்டுப் போனான், வாங்கினவன் சுவர் எழுப்பினான். நடுவதற்குச் சேறு இல்லை. புருஷன் பாக்கியநாதன் கம்பி ஆலையில் இருந்தான். பழுக்கக் காய்ந்த கம்பி ஒரு நாள் தெறித்து அவன் காலைத் தின்றுவிட்டது. அவன் கட்டிலில் விழுந்ததும் இவள் வேலை தேடிப் புறப்பட்டாள். ஆள் நல்ல வாட்டசாட்டம். அதைப் பார்த்து வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

பித்தளை திருட்டுப் போகும். போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தி கொண்டைக்குள் நட்டைச் செருகுவாள், ஒருத்தி மோர்சோற்றுக்கு அடியில் புதைப்பாள். ஷிப்ட் விட்டதும் பெண்கள் வரிசையாக வருவார்கள். சாராள் முந்தானையை உதறச் சொல்வாள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்வாள், இடுப்பில் புறங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். உள்ளங்கையை வைக்கவே மாட்டாள். வாய் மட்டும் ஓயாது.

"இன்னாடி, இன்னிக்கும் கருவாடா? ஒன் புருஷன் மூக்கு இன்னாத்துக்கு ஆவும்?"

அந்தச் சிரிப்பில் கூச்சம் போய்விடும். கொண்டைக்காரியைப் பிடித்தபோது தலையில் ஒரு குட்டு வைத்து, "எடுத்த எடத்துல வெச்சிட்டு ஓடியா, பஸ்ஸு போயிடப் போவுது" என்று அனுப்பினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் அப்புறம் எடுக்கவில்லை.

சுனாமி வந்துபோன மூன்றாம் வருஷம் சுப்பராயன் என்று ஒருத்தன் செக்யூரிட்டி ஆபீசராக வந்தான். அவனோடு வாசலுக்கு ஒரு கதவும் வந்தது. கதவு என்றால் மூடுகிற கதவில்லை. வெறும் சட்டம். நகை, நட்டு, எது உள்ளே போனாலும் கத்தும்.

முதல் நாள் அது கத்திய கத்தலில் காது செத்துப்போனது. நட்டுக்குக் கத்தினால் சரி. மெட்டிக்குக் கத்தியது, கொலுசுக்குக் கத்தியது, தாலிக்குக் கத்தியது. பழவேற்காட்டிலிருந்து வரும் ஜெய்னம்பு கருகமணி போட்டிருந்தாள். நடுவில் சின்னதாய் ஒரு தங்கக் குண்டு. அதற்கும் கத்தியது. எல்லாரையும் பார்த்துக் குரைக்கிற நாய் எந்தத் திருடனைப் பிடிக்கும்? வரிசை கேன்டீன் வரை நீண்டது. பழவேற்காட்டு பஸ் போயே போய்விட்டது.

நான் நுழைந்தபோது மட்டும் கதவு வாயைத் திறக்கவில்லை. என் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. தாலி இல்லை, மெட்டி இல்லை, வளையல் இல்லை. ரவிக்கைக்குக் கொக்கிகூடக் கிடையாது, முடிச்சுப் போடுகிறவள் நான்.

சுப்பராயனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, ஆயா எவ்ளோ நீட்டா போறாங்க! எல்லாரும் நகை நட்டெல்லாம் ஊட்லயே கழட்டி வெச்சிட்டு ஆயா மாதிரி வந்தா இன்னா பிரச்சன?"

"ஏன் சார், என்ன மாதிரி வரணும்னா இவளுங்க புருஷனுங்க சாவணுமே. ஊடு ஊடா போய் நீயே சொல்லிட்டு வரியா?" என்று கேட்டேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் மூஞ்சி கரிச்சட்டி ஆனது. தாலியை ஒருத்தியும் கழற்றவில்லை.

கொஞ்ச நாளில் வேறு வழி கண்டுபிடித்தான். கதவுக்குப் பக்கத்தில் பிளைவுட்டால் ஒரு தடுப்பு. கதவைக் கத்தவைத்தவள் அதற்குள்ளே போய் முந்தானையை எடுத்து, கொக்கியை அவிழ்த்துக் காட்டவேண்டும். சாராள் சோதித்து அனுப்பவேண்டும். மேலே மூலையில் கறுப்பு முட்டை மாதிரி ஒரு கேமரா.

"இது எதுக்கு சார்?" என்று சாராள் கேட்டாள்.

"ஒன் சேப்டிக்குத்தாம்மா. நீ தப்பா கை வெச்சன்னு எவளாச்சும் சொல்லிட்டா? அது கதவ மட்டுந்தான் பாக்கும்."

பாவி நம்பிவிட்டாள். நம்பினதோடு விட்டாளா, உள்ளே வந்த ஒவ்வொருத்திக்கும் எடுத்துச் சொன்னாள். "கதவத்தான் பாக்குதாம். நீ இந்தாண்ட திரும்பி நில்லு." கூச்சப்படுகிறவளைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்பாள். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு மறைவா?

செக்யூரிட்டி ரூமை நான் மத்தியானம்தான் கூட்டுவது. அன்றைக்கு டீ கொட்டிவிட்டது என்று சாயங்காலம் கூப்பிட்டார்கள். துணியும் கையுமாக உள்ளே போனேன். டிவியில் ஜெய்னம்பு நின்றிருந்தாள். துப்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கட்டின புருஷனே அவளைப் பகல் வெளிச்சத்தில் அப்படிப் பார்த்திருக்க மாட்டான். இரண்டு தடிமாடுகள் நாற்காலியை இழுத்துப் போட்டு பஜ்ஜி தின்றுகொண்டே பார்த்தன. அதில் ஒருத்தன் செல்போனை டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பேர் அன்பு. அன்பாம்! பேர் வைத்த வாய் புழுக்க.

"இன்னாடா பாக்கறீங்க?"

"டூட்டி பாக்கறோம் ஆயா. நீ டீயத் தொடச்சிட்டுப் போ."

நான் துடைக்கவில்லை. வாயில் ஊறின எச்சிலைக் கொட்டின டீயிலேயே துப்பிவிட்டு வெளியே வந்தேன்.

சாராளிடம் சொன்னால் நம்பவில்லை. "போ பெரிம்மா, ஒனக்குக் கண்ணு சரியில்ல. சார் எங்கிட்ட அடிச்சு சொன்னாரு."

"நாளைக்கு நாஷ்டா நேரத்துல அவனுங்க கேன்டீனுக்குப் போவானுங்க. நீ போய் டிவி எதிர்ல நில்லு. நான் தடுப்புக்குள்ள போய் இன்னமோ பண்றேன். இன்னா பண்ணேன்னு வந்து சொல்லு."

மறுநாள் அப்படியே செய்தோம். உள்ளே போய் மூக்கைச் சிந்தி பிளைவுட்டில் துடைத்தேன். சாராள் திரும்பி வந்தாள்.

"மூக்க சிந்துன. பலகைல தொடச்ச." என் ரவிக்கையைப் பார்த்தாள். "ஒன் ரவிக்க முடிச்சு வரைக்கும் தெரியுது பெரிம்மா."

நேரே சுப்பராயனிடம் போனாள். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன்.

"கதவ மட்டுந்தான் பாக்கும்னீங்களே சார்."

"இப்ப இன்னா ஆயிடுச்சு? செக்யூரிட்டின்னா எல்லாத்தையும் பாக்கத்தான் வேணும். திருடாதவளுக்கு இன்னா பயம்?"

"திருடாதவளுக்கும் ஒடம்பு கீது சார்."

"ரொம்பப் பேசாத. வேல வேணுமா, வேணாவா?"

கட்டிலில் கிடக்கிறவனுக்கு அந்த வேலைதான் சோறு, அந்த வேலைதான் மருந்து. அது தெரிந்துதான் கேட்டான், பொறுக்கி. சாராள் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அடங்கிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சாயங்காலம் ஷிப்ட் விட்டது. கதவு கத்த ஆரம்பித்தது. சாராள் ஒரு ஸ்டூலை எடுத்துத் தடுப்பு வாசலில் குறுக்கே போட்டாள்.

"அது கத்தட்டும்டி. நீ முந்தானைய ஒதறு. டப்பாவத் தொற. ம், போ."

"உள்ள கூட்டினு போ!" என்று சுப்பராயன் ஓடிவந்தான்.

"பாத்தாச்சு சார். ஒண்ணும் இல்ல." பிறகு வரிசையைப் பார்த்துத் தொண்டை கிழியச் சொன்னாள். "ஒருத்தியும் உள்ள போவாதீங்க. படம் புடிக்கறானுங்க. ஆம்பளைங்க ஒக்காந்து பாக்கறானுங்க. செல்லுல ஏத்திக்கறானுங்க."

கதவு கத்திக்கொண்டே இருந்தது. ஜெய்னம்பு கேட்டாள். "எத்தினி நாளா?"

"கேமரா வெச்சதுலேந்து."

"நீதானே உள்ள கூட்டினு போன?"

சாராள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் பெண்கள் யாரும் உள்ளே போகாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஏணி போட்டுக் கேமராவைக் கழற்றிவிட்டார்கள். மேனேஜர் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். சாராளைத் திரும்பக் கூப்பிடு என்று ஒருத்தி கேட்கவேண்டுமே! அவளுக்குத் தெரிந்தேதான் எல்லாம் நடந்தது என்று சுப்பராயன் கிளப்பிவிட்டான். அதற்கும் தலையாட்ட ஆள் இருந்தது. சீ.

"தெரிஞ்சவ எதுக்குடி சோத்த ஒதச்சிட்டுப் போனா? மூளைய டப்பாவோட சேத்து கழுவி ஊத்திட்டீங்களா?" என்று கேன்டீனில் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாராள் வீட்டுக்குப் போய், கேமராவை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அத்த எடுத்துட்டாங்க, சரி. புடிச்ச படம்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் காலத்தில் எவனாவது கீற்று இடுக்கில் கண்ணை வைத்தால் மிளகாய்த்தூளை ஊதலாம். பார்த்தது அவன் மண்டைக்குள்ளேதான் கிடக்கும், அவனோடு சேர்ந்து வேகும். இது வேகாதாம். பெட்டிக்குள் இருக்குமாம். செல்லிலிருந்து செல்லுக்குத் தாவுமாம். ஜெய்னம்பு கிழவியாகிப் போனாலும் அவள் அங்கே கொக்கியை அவிழ்த்துக்கொண்டே நிற்பாளாம். என்ன கண்ணராவி இது!

திங்கட்கிழமை சாராள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். சுப்பராயன் முந்திக்கொண்டான். "யூனிபாரம் எங்க? மொதல்ல அத்தக் குடுத்துட்டுப் பேசு."

"பொட்டிக்குள்ள கீற படத்த எங்க எதிர்ல அழி. அன்பு செல்லுல கீறத அழி. அப்பறம் துணியக் குடுக்கறேன்."

"அதெல்லாம் மாசம் ஆனா தானா அழிஞ்சிடும்."

"அழியறத நான் பாக்கணும்."

"கம்பெனி பொருள வெச்சிக்கினு மெரட்றியா? திருட்டு கேஸு ஆயிடும்."

"போடு. ஒரு சட்ட துணி கம்பெனி பொருளு. எங்க ஒடம்பு எவன் பொருளுன்னு பொட்டில பூட்டி வெச்சிக்கினு கீற?"

உள்ளே போய்க்கொண்டிருந்த வரிசையிலிருந்து ஜெய்னம்பு விலகி வந்து சாராள் பக்கத்தில் நின்றாள். விஷயம் வீட்டுக்குத் தெரிந்தால் அவள் வேலைக்கு வருவது அன்றோடு முடிந்தது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நானும் பாக்கணும். என் படம்," என்றாள்.

அன்பு அதற்கப்புறம் வேலைக்கே வரவில்லை. செல்லும் அவனோடு போயிற்று. பெட்டியில் இருந்ததை அழித்தாகிவிட்டது என்று சுப்பராயன் ஒரு நாள் சொன்னான். யார் பார்த்தது? அவன் சொன்னான், அவ்வளவுதான். கதவு மட்டும் ஏதோ தான் மானஸ்தன் மாதிரி இன்னும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறது.

சாராள் இப்போது சிப்காட் முனையில் மீன் விற்கிறாள். புடவைக்கு மேலே, திருப்பிக் கொடுக்காத அந்தக் காக்கி யூனிபாரம் சட்டைதான். முழுக்க மீன் செதில். போன வாரம் அதைக் கேட்டு, கம்பெனிக்குக் காவல் ஆள் அனுப்புகிற ஏஜென்சியிலிருந்து ஒருத்தன் வந்தான். நான் அப்போது அங்கே மத்தி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அழிக்கறதுக்குப் படம் கொண்ணாந்தியா?" என்று கேட்டாள்.

"இன்னா படம்?" என்று முழித்தான்.

"அப்போ மீனு வாங்கிக்கினு போ," என்று தராசைக் கையில் எடுத்தாள்.