ஜர்னலை அணைத்து வைத்த இன்ஜினியர்

பிள்ளைகளா, டை கட்டின ஆளைக் கண்டால் அப்பா ஏன் முகம் சுளிக்கிறேன் என்று கேட்டீர்கள். டை கட்டின எல்லோரையும் கண்டு அல்ல. ஒரே ஒருவர்தான் காரணம். அந்த ஒருவரே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

ஒரகடத்தில் பிரேக் வால்வு செய்யும் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஐடிஐ படிப்பு. லைனின் கடைசியில் ஒரு டெஸ்ட் மிஷின் இருந்தது. வால்வை மாட்டி பட்டனை அழுத்தினால் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கும். அதன் கம்ப்யூட்டர் வால்வுக்கு ஒரு ஃபைல் எழுதிவைக்கும். லினக்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டர். மிஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அதற்கான கர்னலைத் தானே தயாரித்ததாகப் பெருமையடிப்பார். கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடுப்பகுதி. டிஸ்க், மெமரி எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். "வேண்டாததையெல்லாம் தூக்கிட்டேன். சுவிட்ச் போட்டா சட்டுனு எழுந்துக்கும்" என்பார். எதை வேண்டாததென்று தூக்கினார் என்பதில்தான் கதை இருக்கிறது.

மின்வெட்டு மோசமாக இருந்த வருஷங்கள் அவை. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் மிஷின் ஒருமுறை செத்துப் பிழைக்கும். யுபிஎஸ் பேட்டரி செத்து மாசக்கணக்காகியும் வாங்கித் தர ஆளில்லை. ஏசி ரூமில் இருப்பவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் புது பேட்டரி வந்தது.

அந்த மிஷினில் நின்றவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். கான்ட்ராக்ட் ஆள். படப்பையில் நாலு பேரோடு ரூம். ஒருநாள் ஆடிட்டில், பாஸ் ஸ்டிக்கர் ஒட்டின சில வால்வுகளுக்கு ஃபைலே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். டெஸ்ட் செய்யாமலே ஸ்டிக்கர் ஒட்டினார் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெளியே. பிரேக் வால்வில் ஏமாற்றியவர் என்ற பெயரோடு போனால் இந்த ரோட்டில் எந்த கேட்டும் திறக்காது.

டை கட்டின அந்த இன்ஜினியர் வந்தார். மேனேஜர் முன்னால் மிஷினில் 'மவுண்ட்' என்று ஒரு கமாண்ட் தட்டினார்.

"பாருங்க சார், எக்ஸ்ட்-3ன்னே காட்டுது. ஜர்னல் இருக்கு. கரண்ட் போனாலும் ஃபைல் இப்படிக் காணாம போகாது. மிஷின் பொய் சொல்லாது சார், ஆளுங்கதான் சொல்லுவாங்க."

எக்ஸ்ட்-3 என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு முறை, அதில் ஜர்னல் உண்டு. ஜர்னல் என்றால், டிஸ்க்கில் எதையும் மாற்றும் முன் 'இன்னது செய்யப் போகிறேன்' என்று ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழுந்ததும் குறிப்பைப் பார்த்து நொடியில் சரிசெய்துகொள்ளும்.

அந்தப் பெண் சொன்னார்: "நான் ஒவ்வொண்ணா மாட்டித்தான் எடுத்தேன் சார். கரண்டு போய் வந்தா அது பாட்டுக்கு அரை மணி நேரம் டிஸ்க்க செக் பண்ணிக்கிட்டு நிக்கும்லா. அதையும் நானா செஞ்சேன்?"

பக்கத்தில் ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எனக்குப் பொறி தட்டியது. "சார், ஜர்னல் இருந்தா அது இன்னாத்துக்கு அரை மணி நேரம் செக் பண்ணிக்கினு இருக்குது?"

"நீ ட்யூப்லைட்ட மாத்துப்பா" என்றார் மேனேஜர். இன்ஜினியர் சிரித்தார். நல்ல வரிசைப் பல் அவருக்கு.

ட்யூப்லைட் மாற்றுகிறவன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஞாயிறுதோறும் கற்றதை வைத்து, மூன்று முறை கர்னலைக் கெடுத்து நாலாவது முறை ஓட வைத்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் மிஷினைத் திறந்து பார்த்தேன். 'மவுண்ட்' கமாண்ட் காட்டுவது செட்டிங்ஸ் ஃபைலில் மனுஷன் எழுதிவைத்ததைத்தான். கர்னல் நிஜமாக டிஸ்க்கை எப்படித் திறந்திருக்கிறது என்பது வேறொரு ஃபைலில் தெரியும். அதில் எக்ஸ்ட்-2 என்று இருந்தது. ஜர்னல் இல்லாத பழைய வகை. டிஸ்க்கில் ஜர்னலுக்கு இடம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் பகுதியைத்தான் மகானுபாவர் கர்னலிலிருந்து தூக்கியிருந்தார். காணாமல்போன ஃபைல்கள், டிஸ்க் செக்கில் அநாதையாகக் கிடைப்பதைப் போட்டுவைக்கும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் பெயரிழந்து வெறும் நம்பர்களாகக் கிடந்தன. உள்ளே திறந்தால் வால்வு நம்பரும் நேரமும் அப்படியே இருந்தன.

காட்டினேன். இன்ஜினியர் குனிந்து பார்த்துவிட்டு, "இது டிஸ்ப்ளே இஷ்யூ" என்றார். கர்னலில் எதெது சேர்ந்தது என்ற பட்டியலான கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். எக்ஸ்ட்-3க்கு நேரே 'செட் செய்யப்படவில்லை' என்று இருந்தது. மேனேஜருக்கு அப்போது போன் வந்துவிட்டது, வராத போன்.

சரி, திருத்தட்டும் என்று பார்த்தால் அதிலும் சாமர்த்தியம். இன்ஜினியர் எக்ஸ்ட்-2வைத் தூக்கிவிட்டு, கர்னலோடு சேர்த்துக் கட்ட வேண்டிய எக்ஸ்ட்-3ஐ, கர்னல் சிறிசாக இருக்கட்டும் என்று, தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் தனி மாட்யூலாக வைத்தார். மிஷின் எழவே இல்லை. டிஸ்க்கைத் திறக்கிற மாட்யூல் அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருந்தால் கர்னல் எதை வைத்துத் திறக்கும்? பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பூட்டின கதை.

"சார், எம் போட்டுக்கீறீங்க. ஒய் போடுங்க" என்றேன். கான்ஃபிக் ஃபைலில் எம் என்றால் தனி மாட்யூல், ஒய் என்றால் கர்னலோடு சேர்த்துக் கட்டு.

போட்டார். எழுந்தது. அடுத்த மின்வெட்டில் செக் நொடியில் முடிந்தது, ஒரு ஃபைலும் பெயரிழக்கவில்லை. இன்ஜினியர் ரிப்போர்ட்டில் எழுதியது: 'கர்னல் மேம்படுத்தப்பட்டது.'

மேனேஜர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "ஒண்ணும் இல்லம்மா, போய் வேலையப் பாரு."

"மெமோ எழுத்துல குடுத்தீக சார். என் மேல தப்பில்லன்னும் எழுத்துல குடுங்க."

"அதான் வாயால சொல்லிட்டேன்ல?"

"வாயால சொன்னத நாளைக்கு எந்த கேட்டுல காட்டுவேன்?"

அந்தப் பெண் மிஷின் பக்கம் போகவில்லை. லைன் நின்றது. லைன் நின்றால்தான் இவர்களுக்குக் காது கேட்கும். கடைசியில் இரண்டு வரி டைப் அடித்துக் கையெழுத்து போட்டுத் தந்தார்கள்: மெமோ ரத்து, ஆபரேட்டர் மேல் குற்றமில்லை.

நின்றுகொண்டே வாசித்தார். "யார் தப்புன்னு இதுல இல்லையே சார்."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப."

அந்தப் பெண் இன்ஜினியரை ஒருதரம், மேனேஜரை ஒருதரம் பார்த்தார். "சரி விடுங்க. எழுத வெக்கமா இருந்தா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வால்வை எடுத்து மாட்டினார்.