பதினோரு குண்டுமணிகள்

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துப் பால்வாடியில் டீச்சராகச் சேர்ந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. வீடு செங்கல்பட்டில். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்துவிட வேண்டும் என்று துடிப்பாக இருந்தேன். கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது, மணலில் விரலால் கோடு இழுப்பது, சின்னப் பொருளை இரண்டு விரலால் பிடித்துக் குறுகிய வாய்ப் புட்டிக்குள் போடுவது. விரல் பழகினால்தான் பிற்பாடு பலப்பம் பிடிக்க வரும் என்றிருந்தார்கள்.

புட்டியில் போடப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது அலுத்துவிட்டது. ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தபோது வேலியில் குண்டுமணிக் காய் வெடித்திருந்தது. சிவப்பும் கறுப்புமாகப் பன்னிரண்டு மணி பொறுக்கினேன். அதன் அழகு மட்டும்தான் கண்ணில் பட்டது.

பிள்ளைகளில் சின்னவள் இரண்டு வயதுக்காரி. அன்று புட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளே உட்கார்ந்துவிட்டாள். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு மணியாக உள்ளே போட்டாள். நான் இன்னொரு குழந்தைக்கு மூக்குத் துடைக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது தரையில் ஒன்றுமில்லை, அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. விரலை விட்டுத் துழாவினேன். எச்சில்தான் வந்தது. புட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். பதினொன்று.

சமையல் செய்யும் ஆயா கரண்டியோடு ஓடி வந்தார்.

"இன்னா டீச்சர் இது, குண்டுமணியவா குடுத்த? உள்ள விஷம் கீது. எங்க வூட்டாண்ட ஒரு கன்னுக்குட்டியே செத்துப்போச்சு."

பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்த அவள் அம்மாவுக்கு ஆள் போனது. கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பஸ் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எம்புள்ள பொழைக்கட்டும், அப்பால பேசிக்கிறேன்" என்றாள். குழந்தை ஜன்னலில் மாடு பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மென்னுச்சா, அப்படியே முழுங்கிச்சா?"

"தெரியல சார்."

"நீதானேம்மா பக்கத்துல இருந்தே?"

மணியின் தோல் உடையாமல் போயிருந்தால் முழுசாக வெளியே வந்துவிடும், மென்றிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மணி வரவில்லை. வாந்தியோ ரத்தபேதியோ உடனே வராது, மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

மூன்று நாளும் நான் வார்டைவிட்டு நகரவில்லை. என் வீடு நடக்கிற தூரம்தான், போகத் தோன்றவில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைப்பேன். அழுதால் விஷம் ஏறிவிட்டதோ என்று நர்ஸிடம் ஓடுவேன். மலம் கழிக்கும்போதெல்லாம் காகிதத்தைப் பிடித்து, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். அவள் அம்மா என்னை அருவருப்போடு பார்த்தாளா, இரக்கத்தோடு பார்த்தாளா, தெரியாது. இரண்டாம் நாள் மட்டும், "நீயும் கொஞ்சம் கஞ்சி குடி" என்று குவளையைத் தள்ளினாள்.

மூன்றாம் நாள் காலையில் குச்சியில் கெட்டியாக ஏதோ இடறியது. குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். குண்டுமணிதான், ஒரு கீறல்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்" என்றார். அப்போதுதான் அவள் அம்மா நடந்ததைப் பற்றிப் பேசினாள்.

"இனிமே பெருசா எதுனா குடு டீச்சர். வாயில நொழையாததா குடு."

திங்கட்கிழமை அம்மாவே குழந்தையைப் பால்வாடிக்குக் கூட்டி வந்தாள். வலையில் கட்டுகிற மரக்கட்டை மிதவைகள் ஒரு கோணி நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அந்த வாரம் முழுக்க மார்க்கெட்டுக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அன்று நான் பயந்த அளவுக்கு ஆஸ்பத்திரியில்கூடப் பயந்ததில்லை.